இரட்டைக் குதிரை சாரட்: லகான் ஒரு கையிலா, இரு கையிலா?

ஒற்றைக் குதிரை வண்டி ஓட்டப் பழகியவர் இரட்டைக்கு மாறும்போது முதலில் கேட்பது இதைத்தான். லகானை இடது கையில் சேர்த்துப் பிடிப்பதா, கைக்கு ஒன்றாகப் பிரித்துப் பிடிப்பதா, இல்லை ஹங்கேரிக்காரர்கள் போல லகானையே வேறு வகையில் வாங்கிவிடுவதா? மூன்றுக்கும் சண்டை போட ஆள் உண்டு. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஓட்டப் போகிறவருக்கு அந்தச் சண்டையில் பாதி தேவைப்படாது. உங்கள் வலது கைக்கு லகானைத் தவிர வேறு என்னென்ன வேலை இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பிடி அதிலிருந்தே முடிவாகிவிடும்.

இங்கே வண்டி சாலையின் இடப்புறம் போகிறது. ஓட்டுபவர் இருக்கையின் வலப்பக்கம் உட்காருகிறார். சாட்டை வலது கையில் இருக்கும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்குத் திருப்பத்தைக் காட்ட வேண்டியதும் அதே கைதான். கைப்பிரேக் உள்ள வண்டியென்றால் நெம்புகோலும் பெரும்பாலும் வலப்பக்கமே இருக்கும். வேலி போட்ட களத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்த வேலைகளில் சாட்டை ஒன்றுதான் மிஞ்சும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாண ஊர்வலம் போகிறவருக்கு எல்லாமே உண்டு, சில சமயம் ஒரே நொடியில்.

பிடியைப் பார்க்குமுன் லகானின் அமைப்பைப் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிக் குதித்துப் பிடிக்குப் போகிறவர்கள்தான் பின்னால் அதிகம் தடுமாறுகிறார்கள்.

கைக்கு வருவது இரண்டு, வாய்க்குப் போவது நான்கு

மாட்டு வண்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இடப்பக்கம் பூட்டியது இடத்தன், வலப்பக்கம் பூட்டியது வலத்தன் என்ற பேச்சு பழக்கம். இங்கேயும் அதையே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு வேறுபாடு பெரியது. பினாங்கில் தைப்பூச வெள்ளி ரதத்தை இழுக்கும் காளைகளைப் போல ஒரே நுகத்தடியில் பூட்டியவை சேர்ந்துதான் நகர முடியும். குதிரைகளுக்கு அந்தக் கட்டு இல்லை. வண்டியிலிருந்து இரண்டுக்கும் நடுவே முன்னோக்கி நீளும் நடுக்கட்டைக்கு இருபுறமும், வண்டியை இழுக்கும் தனித்தனி இழுவை வாரில் நிற்கின்றன. ஒன்று முந்தலாம், மற்றது பிந்தலாம். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்திருக்கும் வேலை முழுக்க லகானுடையது.

பரவலாகப் புழங்கும் அமைப்பு இப்படி. இடது லகான் உங்கள் கையிலிருந்து நேராகப் போய் இடத்தனின் கடிவாளத்து (வாய்க்குள் இருக்கும் இரும்பின்) இடப்பக்க வளையத்தில் மாட்டுகிறது. இதை வெளி லகான் என்று சொல்லலாம். அதே லகானின் நடுவழியில் ஒரு பக்கிளில் கிளை ஒன்று பிரிந்து, குறுக்கே போய் வலத்தனின் கடிவாளத்து இடப்பக்கத்தில் மாட்டுகிறது. அது குறுக்கு லகான். வலப்பக்கமும் இதேபோல. வலது வெளி லகான் வலத்தனின் வலப்பக்கத்துக்கும், அதன் குறுக்கு லகான் இடத்தனின் வலப்பக்கத்துக்கும் போகின்றன. அதனால் இடது லகானை இழுத்தால் இரண்டு குதிரையும் இடப்பக்கம் திரும்பும்.

குறுக்கு லகானின் பக்கிள் வெளி லகானில் எந்தத் துளையில் நிற்கிறது என்பதுதான் இரட்டைச் சவாரியின் உயிர். ஜெர்மானியர் பென்னோ ஃபான் ஆக்கன்பாக் (1861–1936), பாரிஸில் வண்டியோட்டக் கற்றுக்கொடுத்த ஆங்கிலேயர் எட்வின் ஹவ்லெட்டிடம் கற்றதை ஒழுங்குபடுத்தி ஒரு அளவு முறையை அமைத்தார். இன்றும் அந்த அளவில்தான் நல்ல லகான்கள் தைக்கப்படுகின்றன. வெளி லகானில் 4 செ.மீ. இடைவெளியில் 11 துளைகள் இருக்கும். பக்கிள் நடுவில், 6-ஆம் துளையில் நிற்கும்போது குறுக்கு லகான் வெளி லகானைவிட 12 செ.மீ. நீளமாக இருக்கும். குறுக்காகப் போகிற தூரத்துக்கு அந்தக் கூடுதல் வேண்டும்.

இரண்டு குதிரையும் ஒரே உடல்வாகு, ஒரே சுபாவம் என்றால் 6-க்கு 6 போதும். கிள்ளான் பள்ளத்தாக்கில் கிடைக்கும் குதிரைகளில் கணிசமானவை பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்றவை. அவற்றில் அப்படியொரு ஜோடி அமைவது அதிர்ஷ்டம். ஒன்று எப்போதும் முந்தும்.

இடத்தன் முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வலது லகானிலுள்ள பக்கிளை ஒரு துளை உங்கள் பக்கமாகப் பின்னுக்கு நகர்த்துங்கள். இடத்தனின் உள்பக்க லகான் 4 செ.மீ. குறைந்தது. இடது லகானிலுள்ள பக்கிளை ஒரு துளை குதிரைப் பக்கமாக முன்னுக்குத் தள்ளுங்கள். வலத்தனின் உள்பக்க லகான் 4 செ.மீ. கூடியது. இப்போது கையில் இடது லகானை 4 செ.மீ. உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குப் பார்த்தால் இடத்தனுக்கு வெளியிலும் உள்ளிலும் 4 செ.மீ. குறைந்திருக்கிறது. வலத்தனுக்கு உள்ளே கூடியதும் குறைந்ததும் சரிக்குச் சரியாகி, எதுவும் மாறவில்லை. முந்திய குதிரை மட்டும் தலை நேராகவே வைத்துப் பின்வாங்கியது. துளைகளின் கூட்டுத்தொகை 12-ஆகவே இருக்கிறது. 6-உம் 6-உம் இருந்தது 7-உம் 5-உம் ஆனது, அவ்வளவுதான். கூட்டுத்தொகை மாறாதவரை இரண்டு தலைகளுக்கு இடையிலான தூரமும் மாறாது.

ஒரு பக்கப் பக்கிளை மட்டும் நகர்த்திவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அப்போது கூட்டுத்தொகை மாறி, ஒரு குதிரையின் மூக்கு மட்டும் நடுக்கட்டைப் பக்கம் வளைந்து நிற்கும். ஓட்டுபவர் குதிரைக்குக் கோணல் பழக்கம் என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொரு பிழை, பிந்தும் குதிரையைச் சாட்டையால் முடுக்குவது. யார் முந்துகிறார் என்பதை லகானைப் பார்த்துச் சொல்ல முடியாது, இழுவை வாரைப் பார்க்க வேண்டும். ஒன்றின் வார் கம்பி போல விறைத்து, மற்றதன் வார் தொங்கினால் விறைத்ததைத்தான் முதலில் அடக்க வேண்டும். அதை அடக்கியதும் மற்றது பெரும்பாலும் தானாக வாரில் சாயும். ஆனால் புறப்பட்ட பத்து நிமிடத்துக்குள் துளை மாற்றாதீர்கள். லாயத்திலிருந்து புதிதாக வந்த குதிரையின் துள்ளல் அடங்கியபின் தெரிவதுதான் அதன் உண்மையான நடை.

இரண்டு தலையும் உள்நோக்கி வளைந்தால் குறுக்கு லகான்கள் இரண்டுமே குட்டை. இரண்டும் வெளியே பார்த்தபடி போனால், தோள்கள் நடுக்கட்டையை நெருங்கினால், இரண்டுமே நீளம். பக்கிள் முதுகுச் சேணத்தின் லகான் வளையத்துக்கு மிக அருகில் நின்றால், குதிரை தலையை முன்னே உதறும்போது வளையத்தில் போய் மாட்டிக்கொள்ளும். குறைந்தது ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சிறிய குதிரைகளுக்குப் பெரிய அளவு லகான் வாங்கினால் வரும் தொல்லை இது.

இத்தனையும் எந்தப் பிடிக்கும் பொது. துளை தவறாக இருந்தால் மூன்று பிடியும் ஒரே மாதிரி தோற்கும். அப்போது பிடியை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

கைக்கு ஒன்று

குதிரையின் மேல் ஏறி சவாரி செய்து பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும். எந்தப் பக்க வாய் கனக்கிறது, எது லேசாக இருக்கிறது என்பது தனித்தனி கையில் உடனே தெரியும். இளம் குதிரையைப் பழக்கும்போது, களத்துக்குள் வட்டம் போடும்போது, இந்தத் தெளிவு பெரிய உதவி. கற்கும் நேரமும் குறைவு.

சிக்கல் சாட்டையில் தொடங்குகிறது. சாட்டை வலது கையில் இருக்கிறது, வலது லகானும் அங்கேதான். வலத்தனின் தோளில் தட்ட கையை உயர்த்தினால் வலது லகான் ஆடும். முன்னே போ என்று சாட்டை சொல்லும் அதே நொடியில், நில், வலப்பக்கம் பார் என்று கடிவாளம் சொல்லும். ஒன்றிரண்டு முறை இப்படி நடந்தால் நல்ல குதிரைகூடச் சாட்டையைக் கண்டதும் தலையைத் தூக்கக் கற்றுக்கொள்ளும். அதனால் இந்தப் பிடியில் ஓட்டுகிறவரும் சாட்டையைப் பயன்படுத்துமுன் வலது லகானை இடது கைக்கு மாற்றியே ஆக வேண்டும். கையைக் காட்டி சிக்னல் தரும்போதும் அப்படியே. பிரேக்குக்கும் அப்படியே.

அந்த மாற்றம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஒன்று அவசரமாகத் தேவைப்படும்போது நடக்கிறது. பழகாத இடது கைக்குள் வலது லகான் எங்கே நுழைய வேண்டும் என்று விரல் தேடும். அந்த நேரத்தில் இரண்டு லகானின் நீளமும் சமமாக இருக்காது. வண்டி ஒரு பக்கம் சாயும். இடப்புறம் சாய்ந்தால் அங்கே லோங்காங், சாலையோரச் சாக்கடை.

நீளம் குறைப்பதும் இதில் மெதுவான வேலை. இரு கையும் மாறி மாறி ஒன்றின் லகானை ஒன்று பிடித்துக்கொண்டு தவழ வேண்டும். குறைக்க நேரமில்லாதபோது முழங்கை பின்னால் போகும், கை விலாவுக்கு வரும், அதற்கு மேல் இழுக்க இடமே இருக்காது. அப்படி விலாவரை கை போன ஓட்டுநரைப் பார்த்தால் அவருடைய லகான் கால் மீட்டராவது அதிக நீளமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இடது கையில் இரண்டும்

ஆக்கன்பாக் முறையின் அடிப்படைப் பிடியில் இடது லகான் ஆள்காட்டி விரலின் மேல் வந்து உள்ளங்கைக்குள் இறங்குகிறது. வலது லகான் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே நுழைகிறது. இரண்டு லகானுக்கும் நடுவே இரண்டு விரல்கள். பிடிமானம் தருவது கீழ் மூன்று விரல்கள்தான், கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை. கை உடலின் நடுவுக்கு நேரே, வயிற்றிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, விரல் முட்டிகள் முன்னோக்கி, கட்டைவிரல் மேலே பார்க்க இருக்க வேண்டும்.

அந்த இரண்டு விரல் இடைவெளிதான் இதன் நுட்பம். முஷ்டியின் மேல்பகுதியை உடலை நோக்கிச் சாய்த்து, சுண்டுவிரலை முன்னே விட்டால், மேலே இருக்கும் இடது லகான் குறையும், கீழே இருக்கும் வலது லகான் நீளும். குதிரைகள் இடப்பக்கம் வளையும். சுண்டுவிரலை உடலை நோக்கி வாங்கினால் வலப்பக்கம். மணிக்கட்டின் அசைவு போதும், தோள் அசையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே சில சமயம் தெரியாது.

இதற்கு ஒரு எல்லை உண்டு. மணிக்கட்டால் கிடைப்பது சில சென்டிமீட்டர்தான். சாலையில் நேராக வைத்திருக்கவும், நிற்கிற காரைச் சுற்றிப் போகவும் அது போதும். முனை திரும்ப வலது கை வந்தாக வேண்டும். அங்கேதான் இந்த முறையின் அடுத்த இரண்டு நிலைகள்.

வேலை நிலையில் வலது கை இடது கைக்குச் சற்று முன்னால் வருகிறது. சாட்டை அதிலேயே இருக்கிறது, நுனி இடப்பக்கம் சாய்ந்து மேல்நோக்கி நிற்கிறது. கீழ் விரல்கள் வலது லகானின் மேல் மட்டும் உட்காருகின்றன. பயிற்சி நிலையில் அந்தக் கை வலது லகானை நன்றாகப் பிடித்து, இடது கையின் பக்கத்தில் சமமாக நிற்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இது கைக்கு ஒன்று பிடித்தது போலவே தெரியும். ஆனால் வலது லகானின் வால் இன்னும் இடது கைக்குள்தான் இருக்கிறது. வலது கையை எந்த நொடியும் எடுத்துவிடலாம். லகான் நழுவாது, நீளம் மாறாது, குதிரைக்கு எதுவும் தெரியாது.

ஆகவே இந்த இரண்டு முறைகளும் எதிர் எதிர் கட்சி என்று பேசுவதை ஏற்க முடியவில்லை. தனித்தனிக் கையில் கிடைக்கும் வாய்த் தெளிவு பயிற்சி நிலையில் அப்படியே கிடைக்கிறது. அதற்கு மேல் வலது கைக்கு விடுதலையும் கிடைக்கிறது. விலை ஒன்றுதான். கற்க நேரம் பிடிக்கும், முதல் சில வாரங்கள் இடது முன்கை வலிக்கும்.

நீளம் மாற்றுவதிலும் இது முந்துகிறது. இரண்டையும் குறைக்க, வலது கை இடது கைக்கு முன்னால் இரண்டு லகானையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, இடது கை அதன் பின்னால்வரை முன்னே வழுக்கிப் போய்ப் பிடிக்கிறது. ஒரு அசைவில் 10 செ.மீ. குறைந்துவிடும், வாயில் இழுப்பு விழாது. நிறுத்துமுன் இதைச் செய்தால் அப்புறம் முதுகைச் சற்று நிமிர்த்துவதே போதும். குறைக்காமல் நிறுத்தப் பார்ப்பவர்தான் இருக்கையிலேயே மல்லாக்கச் சாய்ந்து தொங்குவார்.

இந்த முறையில் வரும் கோளாறுகளும் உண்டு. வலது லகான் ஈரத்தில் மெல்ல நழுவும். கால் மணி நேரத்தில் வண்டி தானாக இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்கினால் அதுதான் காரணம். ஓட்டுபவர் மணிக்கட்டைத் திருகியபடியே அதைச் சரிக்கட்டிக்கொண்டு போவார், பிறகு மணிக்கட்டில் மிச்சமிருக்கும் அசைவு எதற்கும் போதாது. நழுவியதை வலது கையால் எடுத்துச் சரியான நீளத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இன்னொன்று, சோர்ந்த கை மெல்லக் கீழிறங்கி மடியில் படுத்துக்கொள்வது. மடியில் கிடக்கும் கைக்கு மணிக்கட்டு கிடையாது.

ஹங்கேரி முறை

இதில் லகானின் கட்டமைப்பே வேறு. உள் லகானும் வெளி லகானும் குதிரையின் முதுகருகே சேராமல் ஓட்டுபவரின் கைவரை வந்து, கைக்குச் சற்று முன்னால் சேருகின்றன. ஒரு குதிரை முந்தினால் இருக்கையில் உட்கார்ந்தபடியே திருத்திக்கொள்ளலாம். துளை மாற்ற வண்டியை நிறுத்தி, ஒருவர் இறங்க வேண்டியதில்லை. பிடிப்பது இரு கையில். சமவெளியில், லேசான வண்டியில், வேகமான ஓட்டத்துக்கு இது அருமையான ஏற்பாடு.

இங்கே இதைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் இருக்கலாம். உதவிக்கு ஆளில்லாமல், ஒத்துப்போகாத ஜோடியைத் தனியாகக் களத்தில் பழக்குகிறவருக்கு இது நேரம் மிச்சப்படுத்தும். ஊர்வலத்தில் எப்படியும் கூடவே சைஸ், அதாவது குதிரைக்காரர், ஒருவர் வேண்டும். அவர் இருக்கும்போது துளை மாற்ற அரை நிமிடம் போதும். சாட்டைக்கும் சிக்னலுக்கும் வலது கை விடுபடாத குறை இதிலும் உண்டு. பழுதானால் உள்ளூரில் தைத்துக் கொடுப்பவருக்கு இதன் அளவுகள் பழக்கமில்லாமல் இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்க முனையும் வலப்பக்க வட்டமும்

இடப்புறம் ஓட்டும் ஊரில் இடது திருப்பம்தான் இறுக்கமானது. ஜார்ஜ் டவுனில் லெபோ குவீன் மாரியம்மன் கோயில் பக்கத்துத் தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். தெரு குறுகல், இருபுறமும் வண்டிகள், முனையில் கடைக்காரர் சாமான் அடுக்கியிருப்பார். குதிரைகள் முனையைத் தாண்டிவிடும், ஆனால் இடப் பின்சக்கரம் அவற்றின் தடத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். குதிரையின் மூக்கு முனைக்கு வந்ததும் திரும்பத் தொடங்கினால் சக்கரம் கல்லில் ஏறும். நடுக்கட்டையின் நீளத்தைக் கணக்கில் வைத்துச் சற்று நேரே போனபின் திரும்ப வேண்டும்.

இந்தத் திருப்பத்தில் கைக்கு ஒன்று பிடித்தவர் இடது லகானை இழுப்பார். இழுத்தால் இடத்தன் நின்றுவிடும், வலத்தன் அதன்மேல் ஏறி வரும். சரியான வழி வேறு. முனைக்கு முன்பே இரண்டு லகானையும் குறைத்து நடைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இடது முஷ்டியைச் சாய்த்து வலது லகானுக்கு இடம் கொடுங்கள். போதாவிட்டால் வலது கை முன்னே வந்து இடது லகானைத் தொட்டுக் கொஞ்சம் வாங்கட்டும். வெளியே இருக்கும் குதிரைக்கு அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. அதற்கு லகான் விட்டால்தான் அது முன்னே போகும், அது போனால்தான் உள்ளே இருப்பது இடம் விடும். பிந்தினால் வலத்தனின் தோளில் சாட்டை நுனியால் ஒரு தொடுதல். அந்த நேரத்தில் வலது கை லகானில் கட்டுப்படாமல் இருக்க வேண்டும் என்பதைக் கவனித்தீர்களா?

வலது திருப்பம் அகலமானது, எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிடுவது. கை காட்டிவிட்டு, அந்தக் கை திரும்பி வந்து வலது லகானைப் பிடித்து அசையாமல் வைத்துக்கொள்ள, இடது கை முன்னே நகர்ந்து இடது லகானைத் தளர்த்தும். இழுவை எதுவும் இல்லாமல் வளைவு வரும். ரவுண்டானாவில் இந்த வளைவை நீண்ட நேரம் ஒரே அளவில் நிறுத்த வேண்டியிருக்கும். பயிற்சி நிலை அதற்குத்தான் மிகவும் பொருந்துகிறது.

ஊர்வலம்

உருமி மேளம் முன்னே போனால் குதிரையின் காது பின்னே போகும். நடை, நிற்றல், நான்கு அடி, மீண்டும் நிற்றல். இப்படிப் போகையில் லகான் தளர்ந்து தொங்குவதுதான் ஆபத்து. நிற்கும்போது தளர்த்தியதைப் புறப்படுமுன் எடுக்க மறந்தால், திடுக்கிட்ட குதிரை இரண்டு அடி பாய்ந்த பிறகே அதன் வாய் உங்கள் கைக்கு எட்டும். நிற்கும் நேரத்தில் சைஸ் குதிரைகளின் தலைக்கு முன்னால் நிற்கட்டும், லகானைப் பிடித்துத் தொங்க வேண்டாம். மாப்பிள்ளை ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி ஆடும், அதற்கு முன்னமே லகானை எடுத்து வையுங்கள். வெடி வெடிக்கும் வழக்கமுள்ள இடம் என்றால் அதைப் பேசித் தவிர்ப்பதுதான் லகான் பிடிப்பதைவிட முக்கியம்.

இறக்கத்தில் வண்டியின் கனத்தைத் தாங்க வேண்டியது பிரேக், கடிவாளம் இல்லை. இறங்கத் தொடங்குமுன் பிரேக்கைத் தொடுங்கள், இழுவை வார் லேசாகத் தளர்ந்து, குதிரையை நடுக்கட்டை நுனியோடு சேர்க்கும் நடுக்கட்டை வார் இறுகாமல் இருக்கும் அளவுக்கு. கைப்பிரேக் வண்டியில் இது முழுக்க வலது கையின் பொறுப்பு.

லகானின் வால்கள் இரண்டும் பக்கிளால் சேர்ந்திருக்கட்டும், ஒன்று நழுவினாலும் தரைக்குப் போகாது. அந்த மிச்சம் இடது தொடையின் வெளிப்பக்கம் தொங்க வேண்டும். காலடியில் சுருண்டு கிடந்தால் எழும்போது பாதம் மாட்டும். கையில் சுற்றிக்கொள்வது எந்தப் பிடியிலும் கூடாது.

தோல், நாடா, பூசிய நாடா

நம் ஊர் ஈரத்தில் இதை விட்டுவிட முடியாது, ஆனால் நீட்டவும் தேவையில்லை. தோல் லகானுக்கு நிகரான பிடிமானம் இல்லை. கைப்பகுதி சாயம் போடாத பழுப்புத் தோலாக இருக்கட்டும், கறுப்புச் சாயம் வியர்வையில் கரைந்து கையுறையிலும் வேட்டியிலும் ஒட்டும். மூடிய அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். எண்ணெயைத் துளைப் பகுதிக்கும் பக்கிள் மடிப்புக்கும் பூசுங்கள். கைப்பகுதியில் அதிகம் பூசினால் வழுக்கும்.

பருத்தி நாடா மலிவு, வழுக்காது, ஆனால் மழையில் தண்ணீர் குடித்துக் கனக்கும். பிளாஸ்டிக் பூசிய நாடாவைக் கழுவித் துடைத்தால் போதும், பூஞ்சைத் தொல்லை இல்லை. நனைந்தால் சில வகைகள் சோப்பாக வழுக்கும். வாங்குமுன் ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்து இடது கையில் மேற்சொன்ன பிடியில் பிடித்து இழுத்துப் பாருங்கள். இடது கைப் பிடிக்கு அகலமும் முக்கியம். 22 முதல் 25 மி.மீ. வரை பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும். அகலம் கூடினால் சிறிய கையில் கீழ் விரல்கள் மூடாது, மூடாத விரலில்தான் வலது லகான் நழுவும்.

மாலை இடிமழை வழக்கமான ஊரில் இருக்கைக்கு அடியில் ஒரு ஜோடி பின்னல் கையுறை எப்போதும் இருக்கட்டும். நனைந்த தோல் லகானைத் தோல் கையுறை பிடிக்காது, கம்பளியோ பருத்தியோ பின்னிய கையுறை பிடிக்கும்.

யாருக்கு எது

களத்துக்குள் மட்டும் மாதம் ஓரிரு முறை ஓட்டுகிறவர், சவாரிப் பழக்கம் உள்ளவர், கைக்கு ஒன்றாகவே ஓட்டலாம். குறை எதுவும் இல்லை. சாட்டையைத் தொடுமுன் வலது லகானை இடது கைக்கு மாற்றுவதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகிவிடுங்கள். ஆளில்லாமல் பழக்குகிறவருக்கு ஹங்கேரி லகான். சாலையில் ஒரு முறை போவதாக இருந்தாலும், கூட்டத்துக்குள் போவதாக இருந்தாலும், இடது கைப் பிடியைக் கற்காமல் போகாதீர்கள். போட்டிக்குப் போகும் எண்ணம் உள்ளவருக்கும் இதுவே. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் இரட்டை வண்டி டிரஸ்ஸாஜ் (வகுத்த அசைவுகளை ஓட்டிக் காட்டும்) தேர்வுகளில் லகானை ஒரே கையில் வைத்து வட்டம் போடும் பகுதிகள் உண்டு. கைக்கு ஒன்று மட்டுமே தெரிந்தவர் அந்த மதிப்பெண்ணை இழப்பார்.

கற்கக் குதிரை வேண்டியதில்லை. ஒரு பலகையில் இரண்டு கப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, இரண்டு கயிற்றின் நுனியிலும் நீர் நிரம்பிய ஒன்றரை லிட்டர் பாட்டிலை ஒவ்வொன்றாகக் கட்டி, மறுநுனியில் பழைய லகான் துண்டுகளைச் சேர்த்தால் அடுக்குமாடி வீட்டு பால்கனியிலேயே பழகலாம். ஒரு பாட்டில் ஏற, மற்றது இறங்க வேண்டும், முழங்கை அசையக் கூடாது. பாட்டில் ஆடினால் குதிரையின் வாயும் அப்படித்தான் ஆடும். மணிக்கட்டுத் திருப்பம், இரண்டையும் குறைத்தல், வலது கை வந்து போவது, இந்த மூன்றும் பார்க்காமல் வரும்வரை போதும். சாட்டையையும் கையில் வைத்துக்கொண்டு பழகுங்கள், இல்லாவிட்டால் களத்தில் வலது கை குழம்பும்.

பூட்டும் வரிசையும் லகானை ஒட்டியதுதான். முதலில் வெளி லகான்களை வளையத்தில் மாட்டி, குறுக்கு லகான்களைச் சேர்த்து, வால்களை எடுத்து வைத்த பிறகே நடுக்கட்டை வார். அதன்பின் இழுவை வாரில் வெளிப்பக்கம், பிறகு உள்பக்கம். அவிழ்க்கும்போது உள்பக்க இழுவை வார் முதலில், வெளிப்பக்கம் அடுத்து, பிறகு நடுக்கட்டை வார், குறுக்கு லகான் கடைசியில். குதிரை வண்டியோடு கட்டப்பட்டிருக்கும் எந்த நொடியிலும் லகான் இல்லாமல் இருக்கக் கூடாது என்பதே இந்த வரிசையின் காரணம்.

ஒரே ஜோடியை இருவர் மாறி மாறி ஓட்டுகிற லாயங்களில் துளை எண்களைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது. தேதி, இடத்தன், வலத்தன், இடது பக்கிள் எத்தனையாவது துளை, வலது பக்கிள் எத்தனையாவது துளை. கூட்டுத்தொகை 12 இல்லையென்றால் அடுத்தவர் பூட்டுமுன் எழுதியவரைக் கேட்டுவிட வேண்டும். குதிரையை மாற்றி நிறுத்தினாலோ, இடத்தனை வலப்பக்கம் கொண்டுபோனாலோ, பழைய எண் செல்லாது. மீண்டும் 6-க்கு 6-இல் தொடங்குங்கள்.